கொசுவம் பிடித்த கை

முன்பனிக் காலம் பெங்களூருக்குள் அரவமின்றி வந்து அமரும். மார்கழியின் இரண்டாம் வாரத்தில் கதிரவன் எழுவதற்கே தயங்குகின்றான். எழுந்த பின்னும் நெடுநேரம், திரைக்குப் பின்னே ஏற்றிய விளக்கைப் போல, தான் இருப்பதை அறிவித்துவிட்டு வெம்மையைத் தன்னிடமே வைத்துக்கொள்கின்றான். ஏரிகளின் மேல் வெண்பனி படிந்து, நீர் எது கரை எது என்று பிரித்தறிய ஒண்ணாதபடி இரண்டையும் ஒரே அமைதிக்குள் மூடிவிடுகிறது. சாலையோரத்து மரங்கள் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு இளஞ்சிவப்புப் பூக்களை மட்டும் தாங்கி நிற்கின்றன. தள்ளுவண்டிகளில் குவிந்த அவரைக்காயின் பச்சை மணம் தெருமுனை வரைக்கும் வருகிறது. விடியலுக்கு முன்னரே கோயில் மணிகள் ஒலிக்கின்றன. இக்காலத்தில் உயிர்கள் யாவும் வெம்மை நாடி ஒன்றையொன்று நெருங்கி இருக்கும். நெருங்குவதற்கு ஒருவருமில்லாதவர்க்கோ அதே குளிர் எலும்பிற்குள் சென்று தங்கிவிடும்.

அத்தகைய ஒரு வியாழக்கிழமைக் காலையில், எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் பனியினூடே ஊர்ந்துகொண்டிருந்த கம்பெனி வண்டிக்குள், வித்யாலட்சுமி தன் கைப்பேசியில் வந்த ஒரு படத்தைத் திறந்தாள். திறந்த கணத்தில் அவள் நெஞ்சு காந்தியது.

படத்தை அனுப்பியவள் மமதா. சர்ஜாபூர் சாலையிலுள்ள ‘மந்தாரம்’ முதியோர் இல்லத்தின் விளம்பரப் பொறுப்பாளர். அந்த இல்லத்தில்தான் வித்யாலட்சுமியின் தாய் சாந்தகுமாரி, இடுப்பெலும்பு முறிந்து தேறிய நாள்முதல் இரண்டாண்டுகளாக வாழ்ந்துவந்தாள். புத்தாண்டுக்கென இதே மேம்பாலத்தருகே நாற்பதடி விளம்பரப் பலகையில் வரப்போகும் படம் என்று எழுதி, குடும்பத்தினர் அனைவரும் உள்ள குழுவில் மமதா அதைப் பகிர்ந்திருந்தாள்.

படத்தில் சாந்தகுமாரி ஒரு தாழ்ந்த நாற்காலியில் அமர்ந்திருந்தாள். எதிரே கத்தரிப்பூ நிறக் கைத்தறிப் புடவையில் ஓர் இளம்பெண் நின்றாள். தாயின் இடக்கை அப்பெண்ணின் இடுப்பருகே கொசுவ மடிப்புகளைச் சேர்த்துப் பிடித்திருக்க, வலக்கை அவற்றை நீவி இறக்கிக்கொண்டிருந்தது. உதடுகளுக்கிடையே ஓர் ஊக்கு. ஊக்கைக் கடித்தபடியே முகத்தை மேலே தூக்கி, அந்தப் பெண்ணைப் பார்த்து அவள் சிரித்தாள். சன்னல் வெளிச்சம் நரைமுடியின் ஓரத்தில் வெள்ளிக்கம்பியாய் ஓடியது. கீழே மூன்று மொழிகளில் ஒரே வாசகம்: ‘மகளும் தாயும் மீண்டும் சந்திக்கும் இடம்.’

அந்தப் பெண்ணை வித்யாலட்சுமி முன்பின் கண்டதில்லை. சாந்தகுமாரிக்குப் பிறந்தவளோ இவள் ஒருத்திதான்.

அதற்குள் குழுவில் வாழ்த்துகள் வரத் தொடங்கியிருந்தன. தம் தந்தையை அங்கே சேர்த்திருந்த வெங்கடராமன் என்பவர், ‘அருமையான படம். உங்கள் தங்கையா மேடம்? சாடை அப்படியே இருக்கிறதே’ என்று எழுதியிருந்தார்.

அவள் மமதாவை அழைத்தாள்.

“யாரு மமதா அந்தப் பொண்ணு?”

“ரக்ஷா, மேடம். மாடல். டிராமாகூட பண்றாங்க. சூப்பரா வந்திருக்கு இல்ல?”

“எங்க அம்மாவுக்கு நான் ஒருத்திதான் பொண்ணு.”

“ஹௌது, ஆமா மேடம், தெரியும். ஆனா நீங்கதானே ஃபார்ம்ல டிக் பண்ணீங்க. எடுத்து அனுப்பட்டுமா?”

அனுப்பினாள். ஐப்பசியில் ஒருநாள், இதே மேம்பாலத்தில், இதே வண்டியில், இல்லத்திலிருந்து ஒன்றாய் வந்த பன்னிரண்டு படிவங்களுள் அது ஒன்று. சளிக்காய்ச்சல் தடுப்பூசிக்குச் சம்மதமா என்றது முதல் படிவம். இரவில் கஞ்சியா சப்பாத்தியா என்றது இன்னொன்று. ஒன்பதாவது இப்படிக் கேட்டிருந்தது: விளம்பரப் படத்துக்கு இசைவு உண்டா? படப்பிடிப்பில் குடும்பத்தினர் கலந்துகொள்ள இயலுமா? இயலாவிடில் மாற்று நபரை ஏற்பாடு செய்யலாமா? மூன்றுக்கும் அவள் விரல் விடையளித்திருந்தது. உண்டு. வார நாளில் இயலாது. செய்யலாம். சுங்கச்சாவடி வருவதற்குள் பன்னிரண்டையும் முடித்துவிட்ட நிம்மதியோடு அன்று அவள் கண்ணயர்ந்ததும் நினைவிருந்தது. மகளாய் இருக்கும் வேலையைத் தன் விரல்நுனியாலேயே அவள் வேறொருத்திக்கு எழுதிக் கொடுத்திருந்தாள்.

“அந்தப் படம் வேணாம்னு சொன்னா?” என்றாள்.

மமதாவின் குரல் சற்றே இறங்கியது. “சொல்லலாம் மேடம். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் டைம் இருக்கு. அதுக்கப்புறம் பிரிண்டுக்குப் போயிடும்.”

“சனிக்கிழமை நானே வரேன். என்னை வெச்சு எடுக்கச் சொல்லுங்க.”

அன்று பகல் முழுவதும் அலுவலகத்தில் அவள் அந்தப் படத்தையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ரக்ஷாவின் மூக்கு, காது, கழுத்து எல்லாவற்றையும் ஆராய்ந்தாள். சாடை எங்கே இருக்கிறது என்று தேடினாள். இல்லை என்று கண்டு மகிழ்ந்தாள். மறுகணமே, அப்படியானால் சாடைகூட இல்லாதவளிடம் அம்மாவுக்கு இத்தனை சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று வெந்தாள். ஞாயிறுதோறும் அவள் தவறாமல் சென்றாள். மூட்டுக்குத் தைலம் கொண்டுபோனாள். மாத்திரை அட்டைகளை எண்ணிப் பார்த்தாள். செவிலியிடம் இரத்த அழுத்தக் குறிப்பை வாங்கிப் படித்தாள். அந்த நேரங்களிலெல்லாம் அம்மா, அரசு அலுவலகத்தில் தன் பெயர் அழைக்கப்படக் காத்திருப்பவளைப் போல, கைகளை மடியில் வைத்து அமர்ந்திருப்பாள்.

இந்த எரிச்சல் புதியதும் அன்று. ஆரணியில் ஒரு பட்டு ஜவுளிக்கடையின் பெண்கள் பிரிவில் சாந்தகுமாரி இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள். வாங்க வந்தவர்களுக்குப் புடவையைக் கட்டிக் காட்டுவது அவள் பணி. தீபாவளிக்கு முதல்நாள் அங்கே ஒரு மர முக்காலியில் உட்கார்ந்து, அம்மாவின் கைகள் அயல்வீட்டுப் பெண்களின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி வருவதை ஒன்பது வயது வித்யா பார்த்திருக்கிறாள். “நேரா நில்லு கண்ணு” என்று ஒவ்வொருத்தியிடமும் அம்மா சொல்லுவாள். அந்தக் ‘கண்ணு’ வீடுவரை வந்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை மாலையே அவள் அழகு நிலையத்தில் நேரம் குறித்தாள். மயில்கழுத்து நிறத்தில் ஓர் ஆரணிப் பட்டைத் தேர்ந்து அங்கே கொடுத்தாள். மடிப்புகளை முன்னதாகவே தேய்த்து வைத்திருந்த நிலையத்துப் பெண் சனிக்கிழமை நண்பகலில் அதைக் கட்டி, பதினோரு ஊக்குகளால் நிலைநிறுத்தினாள். இனி ஓடினாலும் நடந்தாலும் நூலளவும் நகராது என்று உறுதி சொன்னாள்.

பிற்பகல் இல்லத்தில் காத்திருந்தவர், முதல் படத்தையும் எடுத்த நோயல், காக்ஸ் டவுன்காரர். திருமணங்களை விட்டு ஆறாண்டுகளாக முதியோர் இல்லங்களையே எடுத்து வருபவர். முதியவர்களின் கண் கூசும் என்று பளீர் விளக்கைத் தொடமாட்டார். சன்னலருகே நாற்காலியைப் போட்டு, எதிர்ப்புறம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையைச் சாய்த்து வைத்தால் அவருக்குப் போதும்.

“கல்யாணத்துல மாப்பிள்ளைய சிரிக்க வைக்கறது கஷ்டம் மேடம்,” என்று பலகையைச் சரிசெய்துகொண்டே சொன்னார். “இங்க பெரியவங்க ஈஸியா சிரிச்சிடுவாங்க. பாக்க வர்ற பசங்கள சிரிக்க வைக்கறதுக்குள்ளதான் எனக்கு வேர்த்துடும்.”

வித்யாலட்சுமி சிரிக்கவில்லை.

நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த சாந்தகுமாரி, வாசலிலேயே நின்று மகளை மேலும் கீழும் பார்த்தாள். “என்னடி இது, யார் வீட்டுக் கல்யாணம்?”

“போட்டோவுக்கும்மா. உன்கூட எடுத்துக்கலாம்னு.”

தாயின் கண்கள் நேரே கொசுவத்துக்குச் சென்றன. “அயர்ன் பண்ணி வெச்சுக் கட்டினதா?”

“ஆமா.”

“நல்லாத்தான் கட்டியிருக்காங்க. பலகை மாதிரி நிக்குது.” சொல்லிவிட்டு நாற்காலியில் அமர்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

நோயல் முப்பது நாற்பது படங்கள் எடுத்தார். நிற்கச் சொன்னார், அமரச் சொன்னார். “ஆண்ட்டி, பொண்ணு கைய புடிச்சுக்கோங்க” என்றார். அம்மா பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை வித்யாலட்சுமி பழக்கத்தால் திருப்பிப் பார்த்தாள். “நகம் இவ்வளவு வளர்ந்திருக்கு. செவ்வாக்கிழமையே வெட்டச் சொன்னேனே. யாரு டியூட்டி?”

கேமரா ஒலித்தது. அம்மா கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

மடிக்கணினியில் படங்களைப் பார்த்தபோது வித்யாலட்சுமிக்கே விளங்கியது. வெளிச்சம் பழுதில்லை, புடவை பழுதில்லை. ஒரே சட்டத்துக்குள் இரண்டு பெண்கள் தனித்தனியே இருந்தார்கள்.

“படம் கரெக்டாதான் மேடம் இருக்கு,” என்றார் நோயல்.

“ஆனா?”

“பாஸ்போர்ட் ஆபீஸ்ல குடுத்தா ஒண்ணும் சொல்லாம வாங்கிப்பாங்க.”

அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “அன்னிக்கு அந்த ரக்ஷா என்னதான் பண்ணா?”

“ஒண்ணும் பண்ணல மேடம், அதான் விஷயம். சூப் ஊட்டற மாதிரி எடுக்கலாம்னு பிளான். ஆண்ட்டி வாயே தொறக்கல. ரக்ஷாவுக்குப் புடவை பழக்கமில்ல. எழுந்திருக்கும்போது முந்தானைய தானே மிதிச்சு, மொத்தமும் அவுந்து போச்சு. நான் சட்டுனு சுவத்தப் பாத்து திரும்பிட்டேன். பின்னாடி ஆண்ட்டி, ‘ஏ பொண்ணு, இங்க வா, நேரா நில்லு’ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, திரும்பலாமா ஆண்ட்டின்னு கேட்டேன். ‘பாதிதான் கட்டியிருக்கு, முக்கா ஆனதும் திரும்பு’ன்னாங்க. முக்கால் ஆனப்போ எடுத்தது அது.”

வித்யாலட்சுமி எழுந்து குளியலறைக்குச் சென்றாள். கதவைத் தாழிட்டாள். தோளில் நான்கு, இடுப்பில் ஐந்து, மார்பருகே இரண்டு. பதினோரு ஊக்குகளையும் ஒவ்வொன்றாய்க் கழற்றி உள்ளங்கையில் வைத்தாள். தேய்த்த மடிப்புகள் அப்போதும் பிரிய மறுத்தன. உதறினாள். பிறகு கொசுவத்தைக் குலைத்துக் கையில் அள்ளிப் பிடித்தபடி வெளியே வந்தாள். நாற்பத்து மூன்று வயதில், முப்பது பேரை நிர்வகிக்கும் ஒரு பெண், தாயின் முன்னால் அப்படி வந்து நின்றாள்.

“அம்மா. அவுந்துடுச்சு.”

சாந்தகுமாரி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் உள்ளங்கையைப் பார்த்தாள்.

“பதினோரு ஊக்கும் ஒண்ணாவா கழண்டுச்சு?”

நோயல் லென்ஸைத் துடைக்கத் தொடங்கினார். வெகு நேரம் துடைத்தார். “ஒரு டீ குடிச்சிட்டு வரேன்” என்று எவரையும் பாராமல் சொல்லிவிட்டு வெளியேறினார்.

“அவளுக்கு மட்டும் செஞ்சியே,” என்றாள் வித்யாலட்சுமி. தன் குரல் தனக்கே அயலாய் ஒலித்தது.

“அவளுக்குக் கட்டத் தெரியல. செஞ்சேன்.”

“கடையிலயும் அப்படித்தான். ஊர்ல இருக்கற பொண்ணுங்களுக்கெல்லாம் நேரா நில்லு கண்ணு, நேரா நில்லு கண்ணு. எனக்கு ஒரு நாள் சொல்லியிருக்கியா?”

அம்மா தன் கைகளைப் பார்த்தாள். சன்னலுக்கு வெளியே பனி மீண்டும் கட்டத் தொடங்கியிருந்தது.

“சொன்னதில்லதான்,” என்றாள். “கடையச் சாத்திட்டு வரும்போது ரெண்டு கையும் விட்டுப் போயிருக்கும். உனக்குத் தலை பின்னறதுக்கே தெம்பு இருக்காது. ஏதோ இழுத்து ஒரு முடிச்சு போடுவேன்.” விரல்களை நீவிக்கொண்டாள். “இப்ப நீ வர. குறை சொல்லல, வாராவாரம் வர. வந்ததும் மாத்திரைய எண்ணற. நர்ஸம்மாகிட்ட பேசற. நகத்தப் பாக்கற. நீ வந்தா நான் நோயாளி வித்யா. அந்தப் பொண்ணு வந்து நின்னப்ப, நான் கடையில நின்னேன்.”

வித்யாலட்சுமி கொசுவத்தை இடுப்பில் அள்ளிச் செருகிக்கொண்டாள். அம்மாவின் சொற்கள் நியாயமானவை என்று அறிவு ஒப்பியது. ஒப்பியதனாலேயே மனம் மேலும் எரிந்தது. ஒரே ஒரு பிற்பகல் வந்து போனவள் பெற்றதை, நூறு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தும் அவள் பெறவில்லை. அந்தப் பலகை எழுந்துவிட்டால், ஒவ்வொரு காலையும் அவள் வண்டி அதன் கீழேதான் போகும். ஒவ்வொரு காலையும் அம்மா அவளைத் தாண்டி வேறொருத்தியைப் பார்த்துச் சிரிப்பாள்.

கதவைத் தட்டிவிட்டு மமதா உள்ளே வந்தாள். கையில் பலகைக் கணினி இருந்தது, பின்னால் நோயல்.

“ஆறாக இருபது நிமிஷம் இருக்கு மேடம். எந்தப் படம் அனுப்பட்டும்? இல்ல, ஆண்ட்டி படமே வேணாம்னா இங்க ஒரு சைன் போடுங்க. இங்க இருக்கற டோரதி ஆண்ட்டி கேக் வெட்டற படம் ஒண்ணு இருக்கு, அத போட்டுக்கறோம்.”

திரையில் ‘இசைவைத் திரும்பப் பெறுகிறேன்’ என்ற கட்டம் ஒளிர்ந்தது. வித்யாலட்சுமி விரலை நீட்டினாள்.

“எந்தப் படம்?” என்றாள் சாந்தகுமாரி. “எனக்கு யாரும் காட்டலியே.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். குழுவில் அறுபது பேர் பார்த்து வாழ்த்திய படம். படத்தில் இருப்பவளிடம் ஒருவரும் அதைக் காட்டவில்லை. வித்யாலட்சுமிக்கும் அது தோன்றவில்லை. நோயல் காதோரம் சிவந்து, மடிக்கணினியைத் தூக்கிவந்து சாந்தகுமாரியின் மடியில் வைத்தார்.

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். அந்த இளம்பெண்ணின் முகத்தை அவள் பார்க்கவில்லை. தன் முகத்தையும் பார்க்கவில்லை. நகம் வளர்ந்த சுட்டுவிரல் திரையின் நடுவே சென்று, மேலிருந்து கீழாக மெல்ல இறங்கியது.

“ஆறு மடிப்பு,” என்றாள். “கடைசி மடிப்பு அரை விரல் உள்ள போயிருக்கணும். பரவால்ல. கைத்தறி, மொடமொடன்னு இருக்கும், சொன்ன பேச்சு கேக்காது. அதுக்கு இது நல்லா விழுந்திருக்கு.” பிறகு நோயலை நிமிர்ந்து பார்த்தாள். “கடைக்கு மெட்ராஸ்லருந்து போட்டோ புடிக்க வருவாங்க தம்பி, வருஷா வருஷம். பொம்மைக்கு நான்தான் கட்டுவேன். பொம்மைய புடிப்பாங்க. கட்டிட்டு நான் தள்ளி நின்னுக்கணும், நிழல் விழுதும்பாங்க.”

அம்மா மகளின் பக்கம் திரும்பினாள்.

“இத அழிக்கப் போறியா?”

அவள் குரலில் கெஞ்சலோ கட்டளையோ இல்லை. அந்தக் கடையிலும் அப்படித்தான் கேட்டிருப்பாள், வாடிக்கையாளர் புடவையை வேண்டாமென்று தள்ளும்போது. மடித்து உள்ளே வைத்துவிடட்டுமா என்று.

வித்யாலட்சுமியின் விரல் அந்தக் கட்டத்துக்கு மேலே நின்றது. பொறாமை ஒரு சொட்டும் வற்றியிருக்கவில்லை. அந்தச் சிரிப்பு தனக்குரியதன்று என்பது இப்போதும் சுட்டது. ஆனால் அம்மாவின் விரல் திரையில் போன வழியை அவள் பார்த்துவிட்டாள். படத்தை அழித்தால் ரக்ஷா எதையும் இழக்கமாட்டாள்; இன்னொரு நாள் இன்னொரு விளம்பரத்துக்குப் போவாள். இருபத்திரண்டு ஆண்டுகள் தள்ளி நின்றவளை மீண்டும் தள்ளி நிற்கச் சொல்லப்போவது தான்தான்.

“அந்தப் படமே பிரிண்டுக்குப் போகட்டும்,” என்றாள். நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள். “ஆனா கீழ இருக்கற வரி வேணாம் மமதா. மகளும் தாயும்னு போட்டிருக்கே, அத எடுத்துடுங்க. அம்மா பேர் போடுங்க. சாந்தகுமாரி, ஆரணி. அவ்வளவுதான்.”

மமதா வெளியே சென்று கன்னடத்தில் யாரிடமோ நெடுநேரம் வாதாடினாள். திரும்பி வந்தபோது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். “பேர் ஓகே மேடம். ஊர் எதுக்குன்னு கேட்டாங்க. ஆண்ட்டியோட பிராண்டுன்னு சொல்லிட்டேன்.”

சாந்தகுமாரி உதட்டில் ஊக்கில்லாமலே சிரித்தாள், மமதாவைப் பார்த்துத்தான். அதையும் வித்யாலட்சுமி கவனிக்கத் தவறவில்லை.

ஆறு மணிக்கு இல்லத்தின் வழிபாட்டு அறையில் மணி அடித்தது. தாயும் மகளும் தாழ்வாரத்தில் மெதுவாக நடந்தார்கள். அறையில் வள்ளி தெய்வானையோடு முருகனின் சிறு கற்சிலை. விபூதியும் செவ்வரளியும் மணத்தன. பத்துப் பதினைந்து பேர் நாற்காலிகளில் அமர்ந்து கண்மூடியிருந்தார்கள். சாந்தகுமாரி நடைவண்டியைப் பற்றி நின்று, நெடுநேரம் சிலையையே நோக்கினாள்.

“இடுப்பு போனதுலருந்து விழுந்து கும்பிட முடியல,” என்றாள் தாழ்ந்த குரலில். “நீ மூணு தரம் விழு. ஒண்ணு உனக்கு. ஒண்ணு எனக்கு.”

“மூணாவது?”

“அந்தப் பொண்ணுக்கு. டிராமாவுக்குப் போனான்னு அவ அம்மா நாலு வருஷமா பேசறதில்லையாம். கொசுவம் புடிக்கும்போது சொன்னா.”

வித்யாலட்சுமி மண்டியிட்டாள். பளிங்குத் தரை குளிர்ந்திருந்தது. முதல் வணக்கத்தைத் தனக்கென்று செய்தாள். எதை வேண்டுவதென்று தெரியாமல் எழுந்தாள். இரண்டாவதை அம்மாவுக்கென்று செய்தபோது, தானே அந்த உடலாகி அந்த மூட்டுகளோடு குனிவது போல் மெல்லக் குனிந்தாள். மூன்றாவதற்கு முன் சற்று நின்றாள். அவள் பின்னால் அம்மா காத்திருப்பது தெரிந்தது. பிறகு நெற்றி தரையில் படும்படி பணிந்து, ரக்ஷா என்ற பெயரை உதடு அசையச் சொல்லி, அவள் தாய் அவளோடு பேச வேண்டுமென்று முருகனிடம் கேட்டாள். கேட்டபின்னும் உடனே எழவில்லை.

எழுந்து திரும்பியபோது, சாந்தகுமாரி நடைவண்டியிலிருந்து ஒரு கையை எடுத்து, விபூதி தொட்டு, அவள் நெற்றியில் இட்டாள். அந்தக் கை பிறகு தலைமேல் ஏறி, அங்கேயே நிலைத்திருந்தது.

“நோய் நொடி இல்லாம, நெனச்சது கைகூடி, நல்லா இருங்க,” என்றாள். “நீயும் அவளும், ரெண்டு பேரும் நல்லா இருங்க.”